நாலு வழிச்சாலையும் மூன்று கால் நாயும்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாலு வழிச்சாலையில், எலியார்பத்தி சுங்கச்சாவடியைத் தாண்டி, ஆவியூரையும் கடந்தால் காரியாபட்டி. விருதுநகர் மாவட்டத்தின் வடக்கு வாசல். இங்கிருந்து தெற்கே அருப்புக்கோட்டை வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் புஞ்சைக்காடுதான். மழை பெய்த வருஷம் பருத்தியும் மக்காச்சோளமும் பச்சை கட்டி நிற்கும். பெய்யாத வருஷம் சீமைக்கருவேலம் மட்டும் நிற்கும். குண்டாறு இந்த வட்டாரத்து ஆறு. வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடந்தாலும் அது ஆறுதான்.

நாலு வழிச்சாலை வந்ததால் மதுரை பக்கமாகிவிட்டது. காய்கறி ஏற்றிய குட்டியானை விடிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடிகிறது. ஆனால், வீடு ஒரு பக்கமும் காடு மறு பக்கமுமாக இருக்கிற ஊர்களை இந்தச் சாலை நடுவில் வகுந்துவிட்டது. மனிதர்களாவது நின்று பார்த்துக் கடக்கிறார்கள். ஆடு மாட்டை ஆள் பிடித்துக் கடத்திவிடுகிறார். நாய்க்கு யார் இருக்கிறார்?

நாய் அடிபடும் நேரத்தை இந்தச் சாலையோரக் கடைக்காரர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒன்று அதிகாலை, இன்னொன்று பொழுது சாய்ந்து பரோட்டாக் கல் சூடாகும் நேரம். கடைக் கழிவுக்காக ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் ஓடும்போது, சாலை நடுவில் வளர்த்திருக்கும் அரளிச் செடிக்குள்ளிருந்து திடீரென்று வெளியே வரும். வண்டி ஓட்டுகிறவருக்குக் கடைசி நொடி வரை தெரியாது. அவர் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் பைக்காரர் விழுவார். அழுத்தாவிட்டால் நாய் போகும். பெரும்பாலும் நாய்தான் போகிறது. செத்தது போக மிச்சம் பிழைப்பவற்றில் சில, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கடைகளுக்குப் பின்னால் திரியும். தூக்கிய கால் நாளடைவில் சூம்பிப்போகும், அல்லது அழுகி விழும். தமிழ்நாட்டில் எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் மூன்று கால் நாய் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

பேர் பெற்ற நாய்களின் மாவட்டம்

வேடிக்கை என்னவென்றால், நாய்க்குப் பேர் போன மாவட்டம் இது. ராஜபாளையம் நாய் இந்த மாவட்டத்து ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. சாத்தூர் வட்டாரத்துச் சிப்பிப்பாறை இன்னொரு நாய் இனத்துக்குப் பெயர் கொடுத்தது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு உள்நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமயமலை மேய்ச்சல் நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இடம்பிடித்தது. சிப்பிப்பாறை முயலை விரட்டும் வேகத்தைப் பற்றி இந்தப் பக்கத்துப் பெருசுகள் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

காரியாபட்டி சாலையோரம் கிடக்கும் குட்டை நாய்க்கு இப்படிப் பேரும் இல்லை, விலையும் இல்லை. செம்மண் நிறம், சுருட்டின வால், நிமிர்ந்த காது. பத்துப் பன்னிரண்டு கிலோ தேறினால் அதிகம். இதுவும் இந்த மண்ணின் நாட்டு நாய்தான். யாரும் பொறுக்கி எடுத்து வளர்க்காமல், வெயிலும் பஞ்சமும் பொறுக்கி எடுத்த இனம். கொஞ்சம் சாப்பிடும், நிறையக் குரைக்கும், இருட்டில் நல்லாக் காது கேட்கும். காவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? திருடனைக் கடித்துக் குதறும் நாய் சின்ன விவசாயிக்குத் தேவையே இல்லை. அது கடைசியில் பால்காரரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடித்து, வம்பில் கொண்டுவிடும். ஆள் வருவதையும், பன்றி வருவதையும், கொட்டடிக்குள் பாம்பு நுழைவதையும் குரைத்துச் சொல்கிற நாய் போதும். குரைப்பதற்குக் கால் எத்தனை இருந்தால் என்ன?

அடிபட்ட முதல் ஒரு மணி நேரம்

அடிபட்டுக் கிடக்கும் நாயைப் பார்த்ததும் இரக்கப்பட்டு ஓடித் தூக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். தெரியாத நாய் கட்டாயம் கடிக்கும். நீளமான துணியையோ துண்டையோ முடிச்சுப் போட்டு மூக்கைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ அந்தக் கட்டையும் போடக்கூடாது. கனத்த சாக்கை மேலே போர்த்தித் தூக்க வேண்டும். தூக்கும்போது காலைப் பிடித்து இழுக்காமல், பலகையிலோ சாக்கிலோ நகர்த்தி ஏற்ற வேண்டும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடிப்பதுதான் முதலுதவி. ஈறு வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று சந்தேகப்பட்டு உடனே கிளம்பிவிட வேண்டும்.

வீட்டில் இருக்கிறதே என்று மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமாலும் டைக்ளோபினாக்கும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். புண்ணில் புழு வைத்துவிட்டால், மாட்டுக்குப் போடுகிற கற்பூரக் கலவையை நாய்க்கும் தடவுகிற பழக்கம் இருக்கிறது. மாட்டுக்கு எட்டாத இடத்தையும் நாய் நக்கிவிடும். கற்பூரம் அதன் வயிற்றுக்குள் போனால் விஷம்.

இன்னொன்றை நிதானமாகப் படிக்க வேண்டும். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும் நாயெல்லாம் வண்டியில் அடிபட்ட நாய் இல்லை. வெறிநோயில் இரண்டு வகை உண்டு. கண்டதையும் கடித்துக்கொண்டு ஓடுவது எல்லோருக்கும் தெரிந்த வகை. இன்னொரு வகையில் நாய் அமைதியாகக் கிடக்கும். கால்கள் துவளும், தாடை தொங்கும், எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் காயமே இல்லாமல் கால் விளங்காமல் கிடக்கும், தாடை தொங்கி எச்சில் வடியும் நாயைத் தொடாமல், பிள்ளைகளையும் மற்ற நாய்களையும் விலக்கி வைத்துவிட்டு, கால்நடை மருத்துவருக்குச் சொல்வதுதான் சரி.

காப்பாற்றும்போது பல்லோ நகமோ பட்டு, கீறல் விழுந்தால்கூட, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். தடுப்பூசி இலவசம். முதல் நாள் ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று மருத்துவர் சொல்லும் தவணை ஒன்றையும் விடக்கூடாது. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி தனியாக உண்டு. வெறிநோய் அறிகுறி காட்ட ஆரம்பித்துவிட்டால் அதன் பிறகு மருந்து கிடையாது. கடித்தது குட்டி நாய்தானே என்று விட்டவர்கள் போய்ச் சேர்ந்த கதை கிராமத்தில் புதிதில்லை.

வண்டிக்கு என்ன செய்வது? கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை 1962 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் ரத்தத்தை நிறுத்தி, வலிக்கு ஊசி போட்டு, எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். காலை எடுக்கிற அளவுக்குப் பெரிய ஆபரேஷன் என்றால், எக்ஸ்ரே, மயக்க மருந்து வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். காரியாபட்டிக்காரர்களுக்கு மதுரை தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை அந்த வகையில் கிட்டத்தில் இருக்கிறது. தெற்கே போனால் திருநெல்வேலியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மாட்டுக் கணக்கு நாய்க்குப் பொருந்தாது

காலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னவுடன் வீட்டில் பேச்சு இப்படித்தான் போகும். "நாலு கால் நாயே சோத்துக்குச் சும்மா திரியுது. மூணு கால வச்சிக்கிட்டு இது என்னத்தடா காவல் காக்கும்?" என்பார் அப்பத்தா. "ஏங்க, அது படுற பாட்டுக்கு ஒரு ஊசியப் போட்டு முடிச்சிவிடச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரம்மா சொன்னாலும் அதில் ஈரம் இல்லாமல் இல்லை. விவசாய வீட்டில் இந்த எண்ணம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டுக்குக் கால் போனால் மாடு போச்சு. முந்நூறு நானூறு கிலோ உடம்பை மூன்று குளம்பு தாங்காது. படுத்தால் எழ முடியாது. படுத்தே கிடந்தால் வயிறு ஊதும், புண் வைக்கும். தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்த கண், நாயையும் அந்தக் கணக்கில்தான் எடைபோடும்.

நாயின் கணக்கு வேறு. பத்துக் கிலோ உடம்பு, அதிலும் ஏறக்குறைய 60 சதவிகித எடையை முன்னங்கால்கள் இரண்டும்தான் சுமக்கின்றன. பின்னங்கால்களுக்கு மிச்சம் 40 சதவிகிதம். அதனால் பின்னங்கால் ஒன்று போனால் சின்ன நாய்க்குப் பெரிய நஷ்டம் இல்லை. முன்னங்கால் போனால் கஷ்டம் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு எட்டுக்கும் தலையை ஆட்டித் தாவ வேண்டியிருக்கும், சீக்கிரம் களைக்கும். அப்போதும் சமாளித்துவிடும். ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலான நாய்கள் எழுந்து நின்றுவிடுகின்றன. பார்க்கிறவருக்குத்தான் பரிதாபம். நாய் தன் காலை எண்ணிப் பார்த்து வருத்தப்படுவதாகத் தெரியவில்லை.

பலருக்குப் புரியாத ஒன்று, அடிபட்டது பாதமாக இருக்க, காலை ஏன் தொடை வரைக்கும், தோள் வரைக்கும் எடுக்கிறார்கள் என்பது. பாதிக் காலை விட்டுவைத்தால் நாய் அதை ஊன்றப் பார்க்கும். ஊன்ற ஊன்ற நுனி உரசிப் புண்ணாகும், புண் ஆறாது, ஈ மொய்க்கும், மறுபடி புழு. அதனால் மேலேயே எடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை நாய் தையலைக் கடிக்காமல் இருக்க, பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டிவிட்டால் கடையில் விற்கும் கழுத்துக்கூம்பின் வேலையை அது பார்த்துவிடும்.

செயற்கைக் கால் வைக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. மனிதர்களுக்கு மலிவான செயற்கைக் கால் செய்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஜெய்ப்பூரிலேயே, தபேஷ் மாத்துர் என்ற கால்நடை மருத்துவர், கால் இழந்த கன்றுக்காக ஒரு செயற்கைக் காலை வடிவமைத்தார். 'கிருஷ்ணா லிம்ப்' என்று அதற்குப் பெயர். கன்றுக்கும் பசுவுக்கும் அது உயிர்ப்பிச்சை, ஏனென்றால் அவற்றால் மூன்று காலில் வாழ முடியாது. சின்ன நாய்க்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 2012 ஜனவரியில் லண்டனில் ரயில் தண்டவாளத்தில் விடப்பட்ட பெரிய மேய்ச்சல் நாய்க் குட்டி ஒன்று ரயிலில் அடிபட்டு, ஒரு பின்னங்காலையும் வாலையும் இழந்தது. ஹாட்ச்சி என்ற அந்த நாயை ஒரு குடும்பம் தத்தெடுத்தது. அந்த வீட்டுச் சிறுவன் ஓவனுக்குத் தசை இறுகிப்போகும் அபூர்வ நோய். வெளி ஆட்களைக் கண்டால் கூச்சம். அந்த நாய் வந்த பிறகு பையன் வெளியே போய்ப் பழக ஆரம்பித்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த நாய் ஆளுயர நாய். உடம்பு பெருத்த அந்த இனத்துக்கு மூன்று காலில் வாழ்வது கஷ்டம், இருந்தும் வாழ்ந்தது. பத்துக் கிலோ நாட்டு நாய்க்கு அந்தச் சிரமத்தில் பாதிகூட இல்லை.

கரிசல் காட்டில் மூன்று கால்

மருத்துவமனையில் சொல்லாத சில விஷயங்கள் கரிசல் காட்டில்தான் தெரியும். கோடையில் கரிசல் மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். ஓட்டத்தில் கால் வெடிப்புக்குள் சிக்கினால், நாலு கால் நாய் ஒன்றை நொண்டிக்கொண்டு வீடு வந்து சேரும். மூன்று கால் நாய்க்கு அதுவும் போனால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் இதே மண் அப்பிக்கொள்ளும். விரலிடுக்கில் உருண்டையாகக் காய்ந்து, நடக்கும்போது குத்தும். சீமைக்கருவேல முள்ளைச் சொல்லவே வேண்டாம். பொழுது சாய்ந்து காட்டிலிருந்து வந்ததும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கையோடு நாயின் மூன்று பாதத்தையும் தடவிப் பார்த்து, மண்ணைக் கழுவி, முள்ளை எடுத்துவிடுவது பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய வேலை. நகம் வளர்ந்துவிட்டாலும் வழுக்கும். வெட்டிவிட வேண்டும். சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் மூன்று கால் நாய் சறுக்கி விழும். படுக்கிற இடத்தில் சாக்கை விரித்துவிட்டால் போதும்.

மூன்று கால் நாயிடம் ஒரு விநோதம் உண்டு. மெதுவாக நடப்பதுதான் அதற்குக் கஷ்டம், ஓடுவது எளிது. அதனால் கயிற்றில் கட்டி மெல்ல நடத்திக் கூட்டிப்போனால் திணறும் நாய், அவிழ்த்துவிட்டால் கோழியை விரட்டும். பின்னங்கால் இல்லாத கடுவன் வேலிக்காலைப் பார்த்ததும் எந்தக் காலைத் தூக்குவது என்று ஒரு கணம் யோசிப்பதும் உண்டு. எப்படியோ வேலையை முடித்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அது பெருத்துவிடக்கூடாது. நாலு கால் சுமக்க வேண்டியதை மூன்று கால் சுமக்கிறது. பரிதாபத்தில் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டால், அந்தப் பரிதாபமே மூட்டுகளைத் தேய்த்துவிடும். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும். வெளியே துருத்திக்கொண்டும் தெரியக்கூடாது. மிச்சச் சோற்றில் முட்டையோ மீன் துண்டோ சேர்த்துக் கொடுத்தால் போதும். ஆனால், இந்தப் பக்கத்துக் குழம்பில் சின்ன வெங்காயம் இல்லாமல் இருக்காது. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். குழம்பு ஊற்றுவதற்கு முன்னாலேயே நாய்ச்சோற்றை எடுத்துவைத்துவிட வேண்டும். வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம், நொறுங்கித் தொண்டையில் குத்தும்.

ஆடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த வட்டாரம் கிடை போடும் கீதாரிகள் வந்து போகிற மண், பக்கத்திலேயே வேம்பூர்ப் பொட்டு ஆடுகளின் பூமி. கிடையென்றால் நாய் இருக்கும். நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் முட்டை எச்சத்தோடு புல்லில் விழுந்து, அதை மேய்ந்த ஆட்டின் மூளைக்குள் கட்டியாக வளர்வதுண்டு. ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்து சாகும். செய்வினை என்று நினைத்துப் பூசை போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போட்டால் அந்தப் புழு மறுபடி நாய்க்குள் போய்ச் சக்கரம் முழுதாகச் சுற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுத்து, செத்த ஆட்டைக் குழி தோண்டிப் புதைத்தால் இந்தச் சுற்று அறுந்துபோகும். நாய் மூன்று காலானாலும் நாலு காலானாலும் இது பொது.

யாரிடம் கேட்டு வாங்குவது?

சாலையோரத்து நாயை எடுத்து வளர்க்க அனுமதி வேண்டுமா என்ற கேள்வி இப்போது வருகிறது. காரணம், 2025-ல் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகள். ஆகஸ்ட் 22 அன்று வந்த உத்தரவு, பிடித்த நாய்களுக்குக் கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமாகக் கடிப்பவையும் விதிவிலக்கு. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. காரியாபட்டிக்கு அது பேரூராட்சி, சுற்றுக் கிராமங்களுக்கு ஊராட்சி.

இந்தக் கருத்தடைத் திட்டத்துக்கு வழிகாட்டியது தமிழ்நாடுதான். விமானியான கேப்டன் சுந்தரம் 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் முறையை 1964-லேயே ஆரம்பித்தது. 2001-ல் அது இந்தியா முழுமைக்கும் விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன. காதின் நுனியில் சின்ன வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம்.

கிராமத்தில் பெட்டைக் குட்டியை யாரும் கேட்க மாட்டார்கள். கடுவனை எடுத்துக்கொண்டு, பெட்டைகளைச் சாக்கில் கட்டிச் சாலையோரம் விட்டுவிடுவது நடக்கிறது. அந்தச் சாலையில் அடிபடுபவற்றில் அந்தக் குட்டிகளும் உண்டு. கருத்தடை செய்துவிட்டால் பெட்டை நாய் வீட்டை விட்டு நகராது, கடுவன்கள் வாசலில் வந்து கூட்டம் போடாது. மூன்று கால் பெட்டைக்கு இது இன்னும் அவசியம். வயிற்றில் குட்டிகளைச் சுமந்துகொண்டு மூன்று காலில் அது படும் பாடு வேறு.

"மனுஷனுக்கே இங்க வழியக் காணோம், நாய்க்குச் செலவா?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. மழை பொய்த்த வருஷத்தில் மாட்டுத் தீவனத்துக்கே கடன் வாங்குகிற வீடு உண்டு. வெடி விபத்தில் கையோ காலோ போனவர்களும் வாழ்கிற மாவட்டம் இது. அப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று கால் நாயை இரக்கத்தின் பேரால் கொண்டுபோய் விடுவது நியாயமில்லை. தாங்கமுடிகிற வீடு எடுக்கட்டும். எடுப்பவர்கள் வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டு எடுக்கட்டும். பிள்ளைகள் ஆசைப்பட்டு, பெரியவர்கள் முகம் சுளித்து வந்த நாய், மூன்று மாதத்தில் அதே சாலைக்குத் திரும்பிப் போகும்.

வந்த முதல் இரண்டு வாரம், ஏற்கெனவே இருக்கும் நாயோடு ஒரே தட்டில் சோறு வைக்கக்கூடாது. சண்டையில் மூன்று கால் நாய் கீழே விழும், விழுந்ததை மற்றது விடாது. தொழுவத்தில் மாட்டுக்கு எட்டாத ஒரு மூலை, வைக்கோல் படப்பின் நிழல், எப்போதும் தண்ணீர். குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப் போட்டால் ஒரே பக்கமாகப் படுத்து இடுப்பில் புண் வரும். 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திலும் அது குற்றம்.

திருச்சுழியும் ஜாக்கியும்

காரியாபட்டிக்குத் தென்கிழக்கே திருச்சுழி. 1879-ல் ரமணர் பிறந்த ஊர். 1896-ல் மதுரையிலிருந்து கிளம்பித் திருவண்ணாமலை போன அந்தப் பையன் திரும்பி வரவே இல்லை. அவர் வாழ்ந்த ஆசிரமத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர் சமாதியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி, 1948-ல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு மானுக்கும், காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. கமலா என்று ஒரு நாய் இருந்தது. புதிதாக வருகிறவர்களை மலையைச் சுற்றி அழைத்துப்போய்க் காட்டுவது அதன் வேலை. ரமணர் நாயை 'அது' என்று சொல்ல மாட்டார். பயல், அவன், அவள் என்றுதான் பேசுவார். கரிசல்காட்டுக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு இந்தப் பேச்சு ஒன்றும் அதிசயமில்லை. மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், செத்தால் காட்டிலேயே குழி வெட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைப்பதும் இங்கே நடப்பதுதான்.

புரட்டாசியில் ஊசி, ஐப்பசியில் வெடி

காரியாபட்டியில் பட்டாசு ஆலைகள் சிவகாசி, சாத்தூர் அளவுக்குக் கிடையாது. ஆனால், மாவட்டமே பட்டாசில் பிழைக்கிறது. தீபாவளிக்கு ஊருக்கு வரும் மகனும் மருமகனும் சிவகாசி வழியாகத்தான் பை நிறைய வாங்கி வருவார்கள். அதைத் தப்புச் சொல்ல முடியாது, அந்த வெடியில்தான் பல வீட்டு அடுப்பு எரிகிறது. நாய்க்கு மட்டும் அந்த நாள் கஷ்டம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயின் காது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே கேட்கும். ஏற்கெனவே வண்டியில் அடிபட்ட நாய் சத்தத்தில் மிரண்டு ஓடினால், அது போகிற திசை பெரும்பாலும் பழைய சாலையாகத்தான் இருக்கும்.

2018-ல் உச்ச நீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்த பிறகு, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் ஒதுக்கி வருகிறது. ஊரில் யார் கடிகாரம் பார்த்து வெடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். பொழுது சாய்வதற்கு முன்பே நாய்க்குச் சோறு வைத்து, ஜன்னல் சாத்திய உள்ளறையில் சாக்கு விரித்து, ஃபேனையோ ரேடியோவையோ ஓடவிட்டு அடைத்துவைத்தால் ராத்திரி கழிந்துவிடும். கட்டிப் போட்டுவிட்டு வெடிப்பது மோசம். கயிற்றில் சுற்றி, இருக்கிற காலையும் முறித்துக்கொள்ளும்.

அதற்கு முந்தைய மாதமே ஒரு வேலை இருக்கிறது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், லூயி பாஸ்டர் இறந்த நாள். நம் கணக்குக்குப் புரட்டாசி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருஷத்துக்கு ஒன்று. மானாவாரிக் காட்டில் விதைப்புக்கு ஆள் தேடுகிற நேரம் என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விதையும் உரமும் வாங்க டவுனுக்குப் போகிற வண்டியில், சாக்கு விரித்து நாயையும் ஏற்றிக்கொண்டு போனால் ஒரே நடையில் இரண்டும் முடியும். ஊசி போட்ட தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷத் தேதியை வீட்டுக் காலண்டரில், மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வைக்கலாம்.